ஒடிந்த கொம்பு

நண்பர் ஒருவருடைய பழைய ஜீப்பில் வால்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஏரியல் ஒடிந்தது. விபத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினோம். சரிவிலிருந்து சாய்ந்திருந்த மரக்கொம்பு ஒன்று வண்டியை உரசிக்கொண்டு போயிற்று. 'டக்' என்று ஒரு சத்தம். அதுவரையில் பாடிக்கொண்டு வந்த ரேடியோ, கொதிக்கும் எண்ணெயில் கடுகு போட்டாற்போலப் பொரிய ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால், முன்பக்கம் நிமிர்ந்து நின்ற கம்பி முறிந்து சாலையில் கிடக்கிறது.

திரும்பி வந்து பொள்ளாச்சியில் புதுக் கம்பி ஒன்று வாங்கி மாட்டினோம். இரைச்சல் நின்றபாடில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நண்பர் குதித்தார். பக்கத்துப் பட்டறையில் இருந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். வாய் திறக்காமல் கம்பியைக் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்த பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் கொண்டு சுரண்டினார். உள்ளே இருந்த இரும்பு பளிச்சென்று தெரியும் வரையில் சுரண்டினார். பிறகு கம்பியை வைத்து இறுக்கினார். சுவிட்சைத் திருப்பியதும், செய்தி வாசிக்கும் அம்மாளின் குரல் கணீரென்று வந்தது.

"கொம்பு நல்ல கொம்புதானுங்க. ஆனா கொம்பு பாதிதானுங்க. மீதிப் பாதி இந்த வண்டி. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கணும்" என்றார்.

பௌதிக வாத்தியார் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. அவர் சொன்ன அந்தப் பாதியும் மீதிப் பாதியும் என் மனத்தில் தங்கிவிட்டன. கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கொம்பு எப்படி முளைத்தது, அது முறிந்த இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி யுத்தக் கதையாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மோட்டார் வண்டிக்குள் ரேடியோ வைப்பது முதலில் பணக்காரர்களின் விளையாட்டு. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தம்முடைய காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு, சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் சிடி வரையில் ஓட்டிப் போய், அங்கே கூடியிருந்த வானொலி வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்டினார். 'மோட்டரோலா' என்ற பெயர் பிறந்த கதை அதுதான். அந்தக் காலத்துக் கார்களுக்குக் கூரையின் நடுப்பகுதி மரச் சட்டமும் துணியும். ஏரியல் கம்பியை அந்தக் கூரைக்குள்ளேயே வலையாகப் பின்னி மறைத்துவிடலாம். வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிராது.

1935-ஆம் வருஷத்து மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் முழுக்க முழுக்க எஃகினால் ஆன கூரையைக் கொண்டுவந்தார்கள். மழை ஒழுகாது, வண்டி உருண்டாலும் நசுங்காது. ஆனால் இரும்புப் பெட்டிக்குள் அலை நுழையுமா? கூரைக்குள் இருந்த ஏரியல் செவிடாகிவிட்டது. கொஞ்ச காலம் கால் வைத்து ஏறும் பலகைக்கு அடியில் கம்பியைக் கட்டிப் பார்த்தார்கள். அங்கே சேறும் கல்லும் அதை விட்டுவைக்கவில்லை. கடைசியில் வண்டிக்கு வெளியே, எல்லாவற்றையும் விட உயரமாக, ஒரு கம்பியை நிமிர்த்தி வைப்பது என்று முடிவாயிற்று. எது உயரமாக நிற்கிறதோ அதுதானே முதலில் அடி வாங்கும்? கொம்பு முளைத்த நாளிலேயே அது ஒடிவதும் எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கம்பியின் நீளம் மனம்போனபடி வைப்பதல்ல. அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால் கம்பி நன்றாகப் பேசும். மீதிக் கால் பங்கை அடியில் இருக்கும் இரும்பு உடம்பு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல, தானே தந்துவிடும். பட்டறைக்காரர் சொன்ன மீதிப் பாதி இதுதான். கணக்கும் சுலபம். 75-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்பது வந்துவிடும். 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் 15 மீட்டர். ஒரு லாரியின் மேல் 15 மீட்டர் கம்பியை நிறுத்திக்கொண்டு யார் ஓட்டுவது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டிய அவசியம் 1940-இல் எகிப்தில் ஒருவருக்கு ஏற்பட்டது. அவர் பெயர் ரால்ஃப் பாக்னோல்ட். பிரிட்டிஷ் ராணுவத்தின் செய்தித் தொடர்புப் படையில் இருந்தவர். 1920-களிலேயே லீவு கிடைத்தபோதெல்லாம் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் சுற்றியவர். மணல் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1941-இல் வெளிவந்தது. மணலைப் பற்றிப் படிக்கும் விஞ்ஞானிகள் இன்னும் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். 1935-இல் ஓய்வு பெற்றவரை யுத்தம் திரும்பக் கூப்பிட்டது. போக வேண்டிய இடம் கென்யா. வழியில், மத்தியதரைக் கடலில் அவர் ஏறிய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியதால், எகிப்தில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கே தளபதியாக இருந்தவர் வேவல். பிற்பாடு 1943-இல் நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்தாரே, அதே வேவல்தான்.

பாலைவனத்தின் உட்புறமாக, எதிரிக்குத் தெரியாமல், நூற்றுக்கணக்கான மைல் போய் வர ஒரு சின்னப் படை வேண்டும் என்றார் பாக்னோல்ட். 1940 ஜூனில் அனுமதி கிடைத்தது. ஆறே வாரத்தில் தயார் செய்ய வேண்டும். நியூஸிலாந்துக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, செவ்ரோலே லாரிகளை வாங்கிக் கதவையும் மேல்மூடியையும் கழற்றி எறிந்து, 'நெடுந்தூரப் பாலைவனப் படை' என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்தக் கூட்டத்தை அவர் உண்டாக்கினார். ஒவ்வொரு ரோந்துக் குழுவிலும் ஒரு லாரி ரேடியோ லாரி.

அதில் இருந்தது '11-ஆம் நம்பர்' என்று ராணுவத்தார் அழைத்த பெட்டி. 3 மைல், மிஞ்சினால் 20 மைல் தூரம் பேசுவதற்காகச் செய்தது. அதன் சக்தி, நாம் இரவில் போட்டுக்கொள்ளும் சின்ன விளக்கு எரியும் அளவுதான். லாரியின் மேல் குட்டையாக ஒரு கம்பியை நிறுத்தி அனுப்பினால், வறண்ட மணலின் மேல் ஊர்ந்து போகும் அலை கொஞ்ச தூரத்திலேயே உயிரை விட்டுவிடும். ஆனால் வானத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருக்கிறது என்பதை ஆப்பிள்டன் என்ற விஞ்ஞானி 1924-லேயே நிரூபித்திருந்தார். அலையைத் தரையோடு அனுப்பாமல் மேலே எறிந்தால், அந்த அடுக்கில் பட்டு எங்கோ தொலைதூரத்தில் வந்து இறங்கும். ஆகவே பாக்னோல்டின் ஆட்கள் ஓடும்போது கம்பியை நம்பவில்லை. வண்டி நின்ற பிறகு, பக்கவாட்டில் கட்டி வைத்திருந்த இரண்டு கம்பங்களை எடுத்து நட்டு, நடுவே நீளமாகக் கம்பி இழுத்து, தந்திச் சாவியைத் தட்டினார்கள். 20 மைல் பெட்டி 1,000 மைலுக்கு அப்பால் கேட்டது! பக்கத்து மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் தோழனுக்குக் கேட்காதது, கெய்ரோவில் இருக்கும் அதிகாரிக்குக் கேட்கும். எதிரி ஒட்டுக்கேட்டாலும் சந்தேகப்படாமல் இருப்பதற்காக, பிரெஞ்சு வியாபாரத் தந்திக்காரர்களின் முறையில் செய்திகளை அனுப்பினார்களாம். ரசிகர்தான் பாக்னோல்ட்!

அந்தக் கம்பி பேசுவதற்கு மட்டும் பயன்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சாலை இல்லாத, மரம் இல்லாத, அடையாளம் என்று ஒன்றுமே இல்லாத மணற்காட்டில் நாம் இருக்கும் இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரவில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அதற்குச் சரியான நேரம் வேண்டும். கிரீனிச் நேரத்தை ரேடியோ தினமும் சொல்லும். கைக்கடிகாரம் 4 விநாடி பிசகினால், அந்த இடத்தில் கிழக்கிலோ மேற்கிலோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். கம்பி இல்லாத குழு ஊமை மட்டும் அல்ல, செவிடு. கண்ணும் பாதி போனாற்போலத்தான்.

இதன் பொருள் என்ன என்பதை நான்கு பேர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 1941 ஜனவரி 31-ஆம் தேதி, குஃப்ரா பாலைவனச் சோலைக்குத் தெற்கே ஜெபல் ஷெரீஃப் என்ற பாறைக் குன்றில், கிளேட்டன் என்பவர் தலைமையில் இருந்த ரோந்துக் குழுவை இத்தாலியர்கள் வண்டிகளிலும் விமானங்களிலும் வந்து தாக்கினார்கள். கிளேட்டன் பிடிபட்டார். லாரிகள் சில எரிந்தன. தப்பிய லாரிகள் போய்விட்டன. எரிந்த வண்டிகளுக்கு உரிய நான்கு பேர் பாறை இடுக்கில் ஒளிந்து பிழைத்தார்கள். மூர் என்ற நியூஸிலாந்துக்காரர் ஒருவர். மற்றவர்கள் ஈஸ்டன், வின்செஸ்டர், டை. மூருக்குப் பாதத்தில் காயம். ஈஸ்டனுக்குத் தொண்டையில் காயம். கையில் இருந்தது ஒரு தகரத்தில் இரண்டு காலனுக்கும் குறைந்த தண்ணீர். சாப்பாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கும் இடத்தைச் சொல்வதற்கு ஒரு முழம் கம்பி கூடக் கிடையாது.

சரணடைந்து பிழைத்திருக்கலாம். அவர்கள் தெற்கு நோக்கி நடந்தார்கள். லாரிச் சக்கரங்களின் தடம்தான் வழிகாட்டி. நாட்கள் சென்றன. டை முடியாமல் பின்தங்கினார். அவர் பங்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். வழியில் ஒரு பிரெஞ்சு விமானம் அவர்களைப் பார்த்துவிட்டது. இறங்க இடம் இல்லாததால் உணவுப் பையும் ஒரு புட்டியும் போட்டுவிட்டுப் போயிற்று. பையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. புட்டியின் தக்கை தெறித்துப் போய், மிஞ்சியது ஒரு வாய். தலைக்கு மேல் பறக்கிறவனுக்கு, 'இங்கே இருக்கிறோம், இத்தனை பேர், தண்ணீர் இவ்வளவு' என்று சொல்ல வழி இல்லை. கையைத்தான் ஆட்ட முடிந்தது. பத்தாவது நாள் பிரெஞ்சுப் படையினர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தபோது மூர் 200 மைலுக்கு மேல் நடந்திருந்தார். அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தார். ஈஸ்டன் கண்டெடுக்கப்பட்ட பிறகு இறந்துபோனார். மற்ற மூவரும் பிழைத்தார்கள்.

அடுத்த வருஷமே இதே படையின் கம்பி வேறு விதமாக வேலை செய்தது. 1942 மார்ச் முதல் ஜூலை வரையில், ட்ரிபோலியிலிருந்து பெங்காசிக்குப் போகும் கடற்கரைச் சாலையில், முஸோலினி கட்டிய பளிங்கு வளைவுக்குச் சில மைல் தள்ளி, இரண்டு இரண்டு பேராகக் குப்புறப் படுத்துக்கொண்டு போகிற வருகிற வண்டிகளை எல்லாம் எண்ணினார்கள். லாரி எத்தனை, டாங்கி எத்தனை, பீரங்கி எத்தனை. பொழுது விடிந்தால் படுத்தவர்கள் பொழுது சாய்ந்தால்தான் எழுந்திருக்கலாம். முக்கியமான நடமாட்டம் கண்ணில் பட்டால் உடனே ரேடியோ லாரிக்குச் செய்தி, அங்கிருந்து கெய்ரோ. ரோமலின் புது டாங்கிகள் போர்முனைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் அவற்றின் எண்ணிக்கை போய்ச் சேர்ந்துவிடும். இதில் வீரதீரம் என்று சினிமா எடுக்க ஒன்றும் இல்லை. எனக்கு என்னவோ அந்தப் படை செய்த காரியங்களிலேயே பெரியது இதுதான் என்று படுகிறது.

பாக்னோல்டின் கம்பங்கள் நிற்கும் வண்டிக்குத்தான் உதவும். ஓடும் வண்டியிலிருந்தே பேச வேண்டும் என்றபோது அமெரிக்கர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். 1941-க்கும் 1945-க்கும் இடையே அவர்கள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். யுத்தம் முடிந்த பிறகு, ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் பல இந்தியாவிலும் ஏலத்தில் விற்றன. ஜீப்புக்கு வைத்த ரேடியோக்களில் ஒரு வகை, 20 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்யும். ஆகவே 3 மீட்டர் அளவுக் கம்பி போதும். அதுவும் பெரிய கம்பிதான். காட்டிலும் தோப்பிலும் இடித்துக்கொள்ளாமல் எப்படிப் போவது?

இடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்! ஒடியாத கம்பி செய்ய வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கம்பியை மூன்று துண்டுகளாக, ஒன்றோடு ஒன்று திருகிக்கொள்ளும்படி செய்தார்கள். எம்.எஸ். 116, 117, 118 என்று அவற்றுக்கு எண். எது ஒடிகிறதோ அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றைத் திருகிக்கொள்ளலாம். அடியில் தடித்த சுருள்வில் ஒன்று. கிளையில் பட்டால் கம்பி சாய்ந்து, கிளை போனதும் நிமிரும். மரம் அடர்ந்த இடமாக இருந்தால் கம்பியை வில்லைப் போல வளைத்து நுனியைக் கட்டிவிடுவார்கள். சிப்பாய் கையால் செய்யக்கூடிய வேலை. துண்டும் கிடைக்கவில்லையா? முன்னே சொன்ன கணக்கின்படி ஏதாவது ஒரு கம்பியை அளந்து நறுக்கி, மரத்தில் தொங்கவிட்டுப் பேச வேண்டியதுதான்.

எதிரி மட்டும் சும்மா இருப்பானா? இத்தாலியிலும் நார்மண்டியிலும் ஜெர்மானியர்கள் சாலையின் குறுக்கே, கழுத்து உயரத்தில், கம்பி கட்டி வைத்தார்கள். முன்கண்ணாடியை மடக்கிவிட்டு ஓட்டுகிற ஜீப்காரர்களின் தலை போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்து ஜீப் படங்களில் முன்பக்கம் செங்குத்தாக ஓர் இரும்புச் சட்டம், நுனியில் கொக்கி போல வெட்டு வைத்து, நிற்பதைப் பார்க்கிறோம். குறுக்கே வரும் கம்பியை அது பிடித்து அறுத்துவிடும்.

மற்றோர் அடையாளமும் உண்டு. சில ஜீப்புகளின் பானெட்டில் எழுதிய நம்பருக்குப் பின்னால் 'எஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும். இரைச்சல் அடக்கப்பட்ட வண்டி என்று அர்த்தம். எஞ்சினில் ஒவ்வொரு தீப்பொறியும் தன் பங்குக்குச் சின்ன ஒலிபரப்பு நடத்துகிறது. அதை அடக்க, பானெட்டையும் மற்றத் தகடுகளையும் பின்னல் செம்புப் பட்டைகளால் வண்டியின் சட்டத்தோடு பிணைத்தார்கள். வண்டி முழுவதும் ஒரே உடம்பாக வேண்டும் என்பது ஏற்பாடு. பொள்ளாச்சி முதியவர் உப்புத்தாளால் செய்ததும் அதே காரியம்தானே!

இத்தனை ஏற்பாடும் பலிக்காத இடம் ஒன்று உண்டு. ஹாலந்தில் ரைன் நதிக் கரையில் உள்ள ஆர்ன்ஹெம் நகரம். 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி பிரிட்டிஷ் வான்படை டிவிஷன் ஒன்று அங்கே இறங்கியது. பாலத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும், தெற்கேயிருந்து பெரிய சேனை வந்து சேரும் வரையில். இறக்கிய இடமோ பாலத்துக்கு 6 முதல் 8 மைல் தள்ளி. நடுவே மரங்கள் அடர்ந்த புறநகர். அவர்களுடைய ரேடியோக்களின் எட்டும் தூரமோ அதற்குப் போதுவதாக இல்லை. இறங்கிய சில மணி நேரத்திலேயே யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

டிவிஷனின் தலைவர் ஜெனரல் அர்க்கார்ட். ரேடியோ பேசாவிட்டால் என்ன, நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிக் கிளம்பிவிட்டார். பிரிகேடியர் லாத்பரியைக் கண்டுபிடித்தும் விட்டார். அந்தச் சாலைச் சந்தியில் மார்ட்டர் குண்டுகள் விழுந்தன. எல்லோரும் பதுங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஜெனரலின் ஜீப் அடிபட்டிருக்கிறது. ரேடியோவில் உட்கார்ந்திருந்த சிப்பாய் படுகாயமுற்றுக் கிடக்கிறான். கம்பி ஒடிந்தால் வேறு கம்பி உண்டு. காதில் குழாய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு எம்.எஸ். நம்பர் ஏது?

மறுநாள் தெருச் சண்டையில் வழி அடைபட்டு, ஜெனரல் இரண்டு அதிகாரிகளோடு ஒரு வீட்டின் பரணில் ஏறி ஒளிந்தார். ஜெர்மன் பீரங்கி வண்டி ஒன்று சரியாக அந்த வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டது. சேனைத் தலைவர் பரணில். அவருடைய சேனை ஊரெல்லாம். 19-ஆம் தேதி காலையில்தான் அவர் தம் முகாமுக்குத் திரும்ப முடிந்தது. ஒன்றரை நாளுக்கு மேல் அந்த டிவிஷனுக்குத் தலை இல்லை. விமானங்களைக் கூப்பிடுவதற்காக அமெரிக்கர்கள் கொடுத்து அனுப்பிய ரேடியோ ஜீப்புகளும் பயன்படவில்லை. இதில் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது, ஊர்த் தொலைபேசி வேலை செய்துகொண்டிருந்தது. டச்சு ரகசிய இயக்கத்தார் அதில் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷார் அதை நம்பவில்லை. அதே 19-ஆம் தேதி அங்கிருந்து பறக்கவிட்ட 'வில்லியம் ஆஃப் ஆரஞ்ச்' என்ற புறா ஒன்று, நாலரை மணி நேரத்துக்குள் இங்கிலாந்தில் தன் கூட்டுக்குச் செய்தியோடு போய்ச் சேர்ந்தது.

ரேடியோ வேலை செய்திருந்தால் ஆர்ன்ஹெம் வென்றிருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. பாலத்துக்கு அத்தனை தொலைவில் இறங்கியதும், அங்கே ஜெர்மன் கவசப் படைகள் இருந்ததும், தெற்கேயிருந்து வர வேண்டிய சேனை ஒற்றைச் சாலையில் தத்தளித்ததும் ரேடியோவின் குற்றமா? ஆனால் ஒன்று. பாலத்தின் வடமுனையைப் பிடித்த ஃப்ராஸ்ட் என்பவரும் அவருடைய ஆட்களும் 21-ஆம் தேதி காலை வரையில் தாக்குப் பிடித்தார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்தது சில மைல்தான். பாக்னோல்டின் ஆட்கள் இரண்டு கம்பத்தை நட்டு 1,000 மைல் பேசியதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. ரைனுக்கு வடக்கே இறங்கியவர்கள் சுமார் 10,000 பேர். 25-ஆம் தேதி இரவு மழையில் நதியைத் தாண்டித் திரும்பியவர்கள் சுமார் 2,400 பேர்.

பொள்ளாச்சியில் கிளம்பும்போது அந்த முதியவர் இன்னொரு கம்பியை எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, நண்பரின் இருக்கைக்கு அடியில் வைத்தார். கேட்காமலே விற்கிறாரே என்று நண்பர் முகத்தைச் சுளித்தார்.

"இருக்கட்டுமுங்க. அந்த வளைவுல அந்தக் கொம்பு இன்னும் அங்கேயேதான் இருக்குமுங்க" என்றார் அவர்.

உப்புத்தாளில் மிச்சம் இருந்த துண்டையும் மடித்துக் கம்பியோடு வைத்தார்.